நூற்றெட்டில் ஒரு மணி குறைகிறது

அப்பா போன பிறகு எனக்கு ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடும். நெஞ்சு படபடவென்று அடிக்கும். டாக்டர் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, "இதயம் நல்லா இருக்கு, மனசைப் பாத்துக்குங்க" என்றார். மனசை எங்கே போய்ப் பார்ப்பது?

ரங்கூன் அனவ்ரதா சாலை காளி கோயிலுக்குத்தான் முதலில் போனேன். 1871இல் நம்மவர்கள் கட்டிய கோயில். அப்பா தவறாமல் போய்வந்த இடம். ஆனால் சன்னதியில் நின்றாலே எனக்குக் கேட்பதற்கு ஒரு பட்டியல் வந்துவிடும். கேட்டுக் கேட்டு இன்னும் அதிகமாகப் படபடப்போடு வீடு திரும்புவேன். குற்றம் அம்மனுடையது இல்லை.

பெரியம்மாதான் "பயாவுக்கு வாடா" என்றார். பயா என்றால் ரங்கூனில் எங்களுக்கு ஷ்வேடகோன், தங்கம் போர்த்திய பெரிய புத்த ஸ்தூபி. எங்கள் வீட்டு மாடத்தில் முருகனுக்கும் புத்தருக்கும் ஒரே விளக்குதான், ஒரே ஊதுபத்திதான். ஆனாலும் ஊரிலிருந்து யாராவது வந்தால் சுற்றிக்காட்டுவதற்காகப் போவேனே தவிர, எனக்காகப் போனதில்லை.

விடியற்காலையில் தெற்கு வாசலில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினோம். படியோரக் கடை ஒன்றில் பெரியம்மா ஒரு பதீ வாங்கினார். பதீ என்பது ஜெபமாலை, 108 மர மணிகள். புது மாலை, மணிகள் நூலில் நகராமல் முரண்டு பிடித்தன. மேலே போனதும் சில்லென்ற சலவைக்கல் தரை. 99 மீட்டர் உயரத் தங்கம் இன்னும் வெளிச்சம் வராததால் மங்கிய பித்தளை மாதிரி இருந்தது. எனக்கு அதுதான் பிடித்தது.

பயாவைச் சுற்றிப் பிறந்த கிழமைக்கு ஒரு மூலை உண்டு. நம் நவக்கிரகம் மாதிரிதான், ஆனால் ஆளுக்கொரு விலங்கு. திங்களுக்குப் புலி, செவ்வாய்க்குச் சிங்கம். புதன்கிழமையை மட்டும் இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள்: காலையில் பிறந்தவருக்குக் கொம்பன் யானை, மதியத்துக்கு மேல் பிறந்தவருக்குக் கொம்பில்லாத யானை. "நீ புதன் சாயங்காலம். ராகு" என்றார் பெரியம்மா, ஏதோ நானே கேட்டு வாங்கியது போல. அங்கே இருக்கும் புத்தருக்கு வயதுக்கு ஒன்று கூடுதலாகக் கிண்ணத் தண்ணீர் ஊற்றுவது வழக்கம். எனக்கு 47 கிண்ணம். முப்பதுக்கு மேல் எண்ணிக்கை தப்பிவிட்டது. ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குக் கட்டிய கடைசி பில்லைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஒரு மண்டபத்தில் பாயில் உட்கார்ந்தோம். பக்கத்தில் ஒரு குடும்பம் சரணம் சொல்லிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் கேட்ட சத்தம்தான், அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. புத்த நூல்களின் மொழியான பாலியின் சகரத்தைப் பர்மியர்கள் நாக்கைப் பல்லில் வைத்துத் தகரமாகச் சொல்வார்கள். சாது என்பதைத் தாது என்பார்கள். அவர்கள் சொன்ன 'தரணங்' நம்முடைய சரணம்தான்! சரணம் ஐயப்பா என்று கத்தி வளர்ந்த எனக்கு இது பிடிபட நாற்பத்தாறு வயசாகியிருக்கிறது. 'புத்தம் சரணம் கச்சாமி'யில் கச்சாமி என்றால் செல்கிறேன். காப்பாற்று என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. நான் போகிறேன், அவ்வளவுதான். பட்டியலோடு அலைந்த எனக்கு அது ஒரு மாதிரி லேசாக இருந்தது.

பெரியம்மா சொல்லிக்கொடுத்தது சின்ன மந்திரம். மந்திரம் என்றுகூடச் சொல்லக்கூடாது. புத்தருடைய ஒன்பது குணங்களில் முதலாவதான 'அரஹங்', அதாவது மாசற்றவர், மணிக்கு ஒன்று. தியானத்துக்கு எடுத்துக்கொள்ளும் 40 பொருள்களில் புத்தரின் குணங்களை நினைப்பதும் ஒன்று. நம் வீட்டில் கவசம் படிப்பது போல முழங்கித்தான் சொல்லவேண்டுமென்றால் அதற்குப் பரித்தம் இருக்கிறது. பரித்தம் என்றாலே காப்பு. பர்மாவில் 11 சூத்திரங்களைச் சேர்த்துப் பெரிய பரித்தம் என்கிறார்கள். அதில் வரும் மெத்தா சூத்திரம் (மெத்தா என்றால் அன்பு), காட்டில் தியானம் செய்யப்போன பிக்குகளை மரத்துத் தேவதைகள் பயமுறுத்தியபோது புத்தர் கொடுத்தது என்பார்கள். பயமுறுத்தியவர்களை விரட்ட அல்ல. எல்லா உயிரும் சுகமாக இருக்கட்டும் என்று அவர்களுக்கும் சேர்த்து வாழ்த்த.

"மூச்சைப் பாருங்கள், மந்திரமெல்லாம் வேண்டாம்" என்று நண்பர் ஒருவர் முன்பே சொல்லியிருந்தார். மந்தலேயில் பிறந்த கோயங்கா இங்கே தன் குரு சயாஜி உ பா கின்னிடம் கற்று 1969இல் இந்தியாவுக்குக் கொண்டுபோன விபஸ்ஸனா தியானம் அப்படித்தான். மூச்சோடு எந்தச் சொல்லையும் சேர்க்க விடமாட்டார்கள். காரணம் இருக்கிறது. சொல் மனசைச் சீக்கிரம் அடக்கிவிடும், அடியில் கிடப்பது அப்படியே கிடக்கும் என்பது அவர்கள் வாதம். சரிதான். ஆனால் கடைசி நாலு நாள் ஆக்ஸிஜன் மாஸ்க்குக்குள் அப்பா மூச்சுக்குத் திணறியதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். மூச்சைக் கவனித்தால் எனக்கு அந்த மூச்சுதான் கேட்கிறது. என்னைக் கேட்டால், அந்த நிலையில் இருப்பவனுக்கு வாய்க்கும் விரலுக்கும் முதலில் ஒரு வேலை கொடுக்கவேண்டும்.

அந்த வேலையும் லேசில்லை. ஒரு சுற்று முடித்தேன்: 107. மறுபடி எண்ணினேன்: 107. "கடைக்காரன் ஏமாத்திட்டான் பெரியம்மா" என்றேன். அவர் மாலையை வாங்கி, உதடு அசைய, கட்டைவிரல் நகத்தால் மணிகளை ஒவ்வொன்றாகத் தள்ளினார். 108 சரியாக வந்தது. "நீதான் எங்கேயோ ஒண்ணைத் தாண்டிப் போயிடறே" என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இறங்குமுன் மகாகந்த மணியை மரக்கட்டையால் மூன்று முறை அடித்தோம். 1825இல் ஆங்கிலேயர் கப்பலேற்றப் போய் ஆற்றில் விழுந்த மணி. அவர்களால் எடுக்க முடியாமல் விட்டதைப் பிறகு பர்மியர்களே மேலே கொண்டுவந்தார்கள். "ஆத்தடியில கெடந்தது, இப்ப என்ன சத்தம் போடுது பாரு" என்றார் பெரியம்மா. அடித்து முடித்த பிறகும் உள்ளங்கையில் அதிர்வு கொஞ்ச நேரம் நின்றது. கீழே வந்து மொய்ங்கா, அதாவது மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ், சாப்பிட்டோம். மூன்று மாதத்தில் முதல் தடவையாக இரண்டாவது கிண்ணம் கேட்டேன்.

விழிப்பு இன்னும் வருகிறது. இரண்டு மணிக்குக் கை தலையணைக்கடியில் பதீயைத் தேடும். எத்தனையாவது மணியில் தூங்கிப்போனேன் என்று சொல்லத் தெரியவில்லை. நேற்றுக் காலை என் மனைவி என் முழங்கையைத் திருப்பிப் பார்த்து, "என்னங்க இது, வரிசையா கொசு கடிச்ச மாதிரி?" என்று கேட்டாள்.