பேஸ்மென்ட் மேசையில் ஒரு கல்வெட்டு

சிவகாசியில் எங்கள் தெருவில் விடிந்தாலும் அடைந்தாலும் ஆஃப்செட் மிஷின் சத்தம்தான். அப்பா மிஷின்மேன். ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருடத்து காலண்டர் ஆல்பம் வெளியாகும். அதற்கு முந்தைய வாரங்களில் அவர் வீடு திரும்ப நடுநிசி ஆகிவிடும். அந்த மை வாசத்தில் வளர்ந்த நான் டொராண்டோவுக்கு கிராஃபிக் டிசைன் படிக்க வந்து, இது இரண்டாவது குளிர்காலம்.

படிப்பது ஓகேட் பல்கலைக்கழகத்தில். மக்கால் தெருவில் 12 வண்ணக் கால்களை ஊன்றி, 26 மீட்டர் உயரத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி நிற்கும். வில் ஆல்சாப் வடிவமைத்து 2004-இல் திறந்த கட்டடம். தங்கியிருப்பது ஸ்கார்பரோவில், மார்க்கம் ரோட்டுப் பக்கம், ஈழத்து அன்ரி ஒருவர் வீட்டு பேஸ்மென்டில். 102-ஆம் நம்பர் பஸ், வார்டனில் சப்வே, அப்புறம் செயின்ட் ஜார்ஜில் மாறி செயின்ட் பேட்ரிக். பனி கொட்டினால் எப்போது போய்ச் சேருவோம் என்று சொல்ல முடியாது.

வந்த புதிதில் என்னைத் திணறவைத்தது குளிரல்ல, காகிதம். இங்கே ஏ4 கிடையாது. எல்லாமே லெட்டர் சைஸ். அகலம் 6 மில்லிமீட்டர் கூட, உயரம் 18 மில்லிமீட்டர் குறைவு. ஏ4-இல் செய்த என் முதல் அசைன்மென்ட்டில் கடைசி வரி வெட்டுப்பட்டு வந்தது. சுவரில் குத்தி வைத்த பிறகுதான் கவனித்தேன். அச்சுக்காரர் வீட்டுப் பையன் தாளை அளக்காமல் வேலையைத் தொடங்கலாமா? அன்று இரவு தூக்கமே வரவில்லை.

எங்கள் டைப்போகிராஃபி ஆசிரியை ஒரு பழக்கம் சொல்லிக்கொடுத்தார். பக்கத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். வாசிக்க முடியாதபோதுதான் எங்கே கறுப்பு திட்டாக நிற்கிறது, எங்கே ஓட்டை விழுகிறது என்று கண்ணுக்குத் தெரியும். அன்று முதல் ஸ்கார்பரோவின் தமிழ்ப் பெயர்ப்பலகைகளையும் அப்படித்தான் பார்க்கிறேன். ஆங்கிலத்துக்கு ஒதுக்கிய இடத்துக்குள் நீளமான தமிழ்ச் சொல்லைப் பக்கவாட்டில் நசுக்கி ஏற்றியிருப்பார்கள். சுழிகளெல்லாம் அடைபட்டுப் போயிருக்கும். ஊர்விட்டு வந்தவர்கள் ஆசையாகப் பெயர் வைத்த கடை. அந்த எழுத்துக்கு மூச்சுவிட இடம் வேண்டாமா?

போன கார்த்திகையில் அன்ரியின் அம்மா காலமானார். ஒரு வாரம் கழித்து அன்ரி கீழே இறங்கி வந்தார். “தம்பி, உங்கட கொம்பியூட்டரில பாமினி இருக்கோ? அம்மாவுக்குக் கல்வெட்டு அடிக்கவேணும்.” கல்வெட்டு என்றால் 31-ஆம் நாள் கொடுக்கும் நினைவுப் புத்தகம் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அவருடைய அப்பாவுக்கு முன்பு செய்த கல்வெட்டின் ஃபைல் ஒரு சிடியில் இருந்தது. அதே தேவாரங்கள் வேண்டும் என்றார்.

திறந்தால் அத்தனையும் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்து. பாமினி என்பது, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு பரவுவதற்கு முந்தைய தமிழ் ஃபான்ட். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை உட்கார வைத்தது. யூனிகோடுக்கு மாற்றி, பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் போட்டேன். “கோப்பாயைப் பிறப்பிடமாகவும் ஸ்காபரோவை வதிவிடமாகவும் கொண்ட” என்ற வரியில் கோவும் கொவும் உடைந்து கிடந்தன; முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நின்றது. தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற அமைப்புக்கு மாற்றிய பிறகுதான் எழுத்து எழுத்தாக வந்தது. ஆங்கிலத்துக்குப் பழகிய வரி இடைவெளியும் போதவில்லை. மேல்வரியின் ‘கு’வும் கீழ்வரியின் ‘கி’யும் முட்டிக்கொண்டன. 10 பாயின்ட் எழுத்துக்கு 16 பாயின்ட் கொடுத்ததும் தேவாரம் நிதானமாக வாசிக்க வந்தது.

இங்கே இரவு பத்து என்றால் சிவகாசியில் மறுநாள் காலை எட்டரை. அப்பா வேலைக்குக் கிளம்பும் முன் வாட்ஸ்அப்பில் பிடித்தேன். “எத்தனை பக்கம்?” என்றார். 30 என்றேன். “நாலால வகுபடணும்டா, 32 ஆக்கு. சென்டர் பின்னுன்னா நடுப்பக்கம் வெளிய தள்ளும், ஓரத்துல எழுத்து வைக்காத.” தாள்களை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து நடுவில் பின் அடிப்பதுதான் சென்டர் பின்; வகுப்பில் இரண்டு வாரம் நடத்திய பாடம் அது. அப்பா எட்டாவதுக்கு மேல் படித்ததில்லை. டிசைன் என்றால் திரையில் முடிகிற காரியம் என்று பேசும் சக மாணவர்களிடம் இதைத்தான் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: மடிப்பவர், வெட்டுபவர், பின் அடிப்பவர் எல்லோரும் அந்த வேலையில் பாதி.

31-ஆம் நாள் சாப்பாட்டுக்கு முன் கல்வெட்டைக் கொடுத்தார்கள். வயதான ஐயா ஒருவர் கண்ணாடியைக் கழற்றி, பக்கத்தைக் கிட்டப் பிடித்து, உதடு அசைய ஒரு பதிகம் முழுவதும் வாசித்தார்.

ஒரு பிரதியை ஊருக்கு அனுப்பினேன். அப்பா படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நடுப்பக்கத்தைத் திறந்து, பின் நேராக விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாராம். அம்மா போனில் சொன்னாள்.