ஓட்டத்தோடு சேர்த்த பளுப் பயிற்சி: 12 வாரக் குறிப்பு

கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் மூன்று ஆண்டுகளாக வாரம் நான்கு நாள் ஓடி வருகிறேன். பத்து கிலோமீட்டர் ஓடும் நாள்களில் ஏழாவது கிலோமீட்டருக்குப் பின் வேகம் தானாகவே குறைந்துவிடும். அப்போதும் மூச்சு சீராகவே இருக்கும், உடன் ஓடுபவரிடம் பேசவும் முடியும், கால்கள்தாம் கனத்துப்போகும். என் இடுப்பு இடப்பக்கமாகச் சரிகிறது என்று பின்னால் ஓடிவந்த நண்பர் சொன்ன பிறகே, குறை நுரையீரலில் இல்லை என்பது உறைத்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான ஏரோபிக் பயிற்சியுடன் (மூச்சையும் இதயத்துடிப்பையும் கூட்டுவது), குறைந்தது இரண்டு நாள் முக்கியத் தசைகள் அனைத்துக்கும் வலுவூட்டும் பயிற்சியையும் பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கிறது. நான் முதற்பாதியை மட்டுமே கடைப்பிடித்து வந்திருக்கிறேன்.

செப்டம்பர் முதல் வாரத்தில் தொடங்கினேன். ஒரு நாள் மார்பு, ஒரு நாள் முதுகு என்று பிரித்துச் செய்யும் முறை, வாரம் இரண்டே நாள் ஒதுக்க முடிந்த எனக்குப் பொருந்தாது. அதனால் இரண்டு நாளும் முழு உடலுக்குமான பயிற்சியையே எடுத்துக்கொண்டேன்: டம்பெல்லை (கைப்பளுவை) நெஞ்சோடு பிடித்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட், இடுப்பைப் பின்னுக்குத் தள்ளிக் குனிந்து எடையைத் தூக்கும் ருமேனியன் டெட்லிஃப்ட், தண்டால், ஒற்றைக் கையால் டம்பெல்லை இழுக்கும் ரோ, ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்துதல், கடைசியில் முழங்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடலை நேராக நிறுத்தும் பிளாங்க். எண்ணிச் செய்பவை ஒவ்வொன்றிலும் மூன்று செட் (சுற்று), செட்டுக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை.

ஸ்குவாட் எளிதென்று நினைத்திருந்தேன். பிள்ளையார் முன் போட்ட தோப்புக்கரணப் பழக்கத்தில் குதிகால் தரையை விட்டு எழும்பியது; ஒரு பெஞ்சைப் பின்னால் வைத்து அதில் உட்கார்ந்து எழுந்து பழகிய பிறகே அது சரியானது. டெட்லிஃப்ட்தான் அதிக நாள் எடுத்துக்கொண்டது. இடுப்பைப் பின்னுக்குத் தள்ளிக் குனிவதற்கும் முதுகை வளைத்துக் குனிவதற்கும் உள்ள வேறுபாடு என் உடலுக்குத் தெரியவில்லை. பயிற்சியாளர் ஒரு நீளக் கம்பை என் முதுகோடு நிறுத்தி, பின்தலை, தோள்பட்டைகளின் நடு, இடுப்பின் அடிப்பகுதி ஆகிய மூன்று இடங்களிலும் அது ஒட்டியிருக்கும்படி குனியச் சொன்னார். இரண்டு வாரம் அந்தக் கம்பு மட்டுமே என் எடை. பின்தொடை இழுபடுவதை அப்போதுதான் முதன்முறையாக உணர்ந்தேன்.

நான் செய்த பெரிய பிழை கிழமையைத் தேர்ந்ததில்தான். சனிக்கிழமை மாலை பளு தூக்கிவிட்டு ஞாயிறு காலை நீண்ட ஓட்டத்துக்குப் போனேன். நான்காவது கிலோமீட்டரிலேயே நடக்க வேண்டியதாயிற்று. புதிய பயிற்சியால் வரும் தசைவலி உடனே தெரியாமல் 24 மணி நேரத்துக்கும் 72 மணி நேரத்துக்கும் இடையில்தான் உச்சம் தொடும் என்பதால், திங்களன்று மாடிப்படி இறங்குவது அதைவிடக் கொடுமையாக இருந்தது. பிறகு செவ்வாய் காலை வேக ஓட்டம், மாலை பளு. புதன் முழு ஓய்வு. வியாழன் பளு மட்டும். வெள்ளியும் சனியும் மெதுவான ஓட்டம் என்று மாற்றிக்கொண்டேன். கடினமானவற்றை ஒரே நாளில் அடுக்கினால்தான் ஓய்வு நாள் உண்மையில் ஓய்வாகிறது.

மூன்று செட்டிலும் பன்னிரண்டு முறை வந்தால் மட்டுமே எடையைக் கூட்டினேன். ஸ்குவாட் 8 கிலோவிலிருந்து 18 கிலோவுக்கும், டெட்லிஃப்ட் தட்டு மாட்டாத 20 கிலோ இரும்புத் தண்டிலிருந்து 45 கிலோவுக்கும், ரோ 7.5 கிலோவிலிருந்து 15 கிலோவுக்கும் வந்தன. மேசையைப் பிடித்துத் தொடங்கிய தண்டால் இப்போது தரையில் ஒன்பது. உடல் எடை மாறவில்லை, சட்டையும் இறுகவில்லை. தொடக்க வாரங்களின் முன்னேற்றம் தசை பெருப்பதைவிட, இருக்கும் தசையை நரம்புகள் நன்றாக இயக்கக் கற்பதால்தான் பெரும்பாலும் வருகிறது என்பதால் இதில் வியப்பில்லை.

எனக்கு மிகவும் பயன்பட்ட எண், யாரும் பெருமையாகச் சொல்லாத குதிகால் கணக்கு. முதல் வாரத்தில் வலக்கால் 18 முறை, இடக்கால் 11 முறைதான். இடக்காலில் தொடங்கி, அது நின்ற எண்ணிலேயே வலக்காலையும் நிறுத்தி வந்தேன். இப்போது வலது 20, இடது 17.

பத்து கிலோமீட்டர் நேரம் 63 நிமிடத்திலிருந்து 61 நிமிடம் 30 விநாடிக்குக் குறைந்திருக்கிறது. நவம்பர் காலைக் குளிருக்கும் அதில் பங்குண்டு என்பதால் முழுவதையும் பளுவின் கணக்கில் எழுத மாட்டேன். ஆனால் எட்டாவது, ஒன்பதாவது கிலோமீட்டர்களின் வேகம் இப்போது குறைவதில்லை. இடுப்பு இன்னும் சற்றுச் சரிகிறது என்கிறார் நண்பர். அடுத்த வாரம் ஒற்றைக்கால் டெட்லிஃப்டைச் சேர்க்கப்போகிறேன், மறுபடியும் எடையில்லாமல்.