எதால் வகுப்பது?

எங்கள் கட்டடங்களின் கார்பனைக் குறைக்க இலக்கு என்ன என்று முடிவுசெய்ய எங்களுக்கு ஒரு பிற்பகல் போதுமாக இருந்தது. அந்த எண்ணை எதால் வகுப்பது என்று முடிவுசெய்யத்தான் மூன்று மாதம் ஆனது.

கட்டட வடிவமைப்பு அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். குழுவில் எட்டுப் பேர்: ஆர்க்கிடெக்ட்கள் ஐந்து பேர், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்கள் இருவர், அளவுக் கணக்கு பார்ப்பவர் ஒருவர். நாங்கள் கொடுக்கும் எல்லா அறிக்கையிலும் ‘சூழலுக்கு இசைந்த வடிவமைப்பு’ என்ற வரி தவறாமல் இருக்கும். ஒரு நாள் ஒரு வாடிக்கையாளர், “சரி, நீங்கள் போன வருஷம் கட்டியதைவிட இது எவ்வளவு பரவாயில்லை?” என்று கேட்டுவிட்டார். எட்டுப் பேரில் ஒருவரிடமும் பதில் இல்லை. கூரையில் சோலார் வருவதைச் சொல்லிச் சமாளித்தோம்.

அதன் பிறகு உட்கார்ந்து எழுதிய முதல் பட்டியலில் 14 இலக்குகள். தண்ணீர், மின்சாரம், மரம், பெயின்ட், கழிவு, சைக்கிள் நிறுத்துமிடம் வரை எல்லாம் இருந்தது. இரண்டு மாதம் கழித்துத் திறந்து பார்த்தால் ஒன்பது வரிகள் காலி. நிரம்பியிருந்த ஐந்தும், அனுமதிக்காக எப்படியும் கணக்குப் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றிருந்தவை. எதை விடுவது என்று சண்டை போடத் தெம்பில்லாமல்தான் பட்டியலை அவ்வளவு நீளமாக விட்டிருந்தோம்.

இரண்டாவது சுற்றில் மூன்றே மூன்று. ஒன்று, கட்டி முடிப்பதற்குள்ளேயே வெளியேறிவிடும் கார்பன் (அதாவது கார்பன் டை ஆக்சைடு), சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ என்று. இரண்டு, ஆட்கள் குடியேறிய பிறகு ஆகும் மின்சாரம், ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு எத்தனை யூனிட் என்று. மூன்றாவது கொஞ்சம் விசித்திரமானது, பின்னால் சொல்கிறேன்.

மின்சாரத்துக்குப் பார்த்து எழுத முன்மாதிரி இருந்தது. ஆர்க்கிடெக்சர் 2030 என்ற அமைப்பு 2006-ல் விட்ட சவாலில் படிகள் தெளிவாக இருக்கின்றன: புதிய கட்டடங்கள் செலவிடும் புதைபடிவ எரிபொருள் ஆற்றலில் 2010-ல் 60 சதவீதக் குறைப்பு, 2015-ல் 70, 2020-ல் 80, 2025-ல் 90, அப்புறம் 2030-ல் பூஜ்யம். அதை ஒட்டி அமெரிக்கக் கட்டடக்கலைஞர் கழகம் 2009-ல் தொடங்கிய உறுதிமொழித் திட்டத்தில் சேரும் அலுவலகங்கள், தங்கள் பணிகள் எல்லாவற்றின் எண்ணையும் ஆண்டுதோறும் கொடுக்க வேண்டும். அந்த ‘எல்லாவற்றின்’ என்ற சொல்லைத்தான் நாங்கள் அப்படியே எடுத்துக்கொண்டோம். நன்றாக வந்த ஒரு கட்டடத்தை மட்டும் பொறுக்கிக் காட்டும் பழக்கம் அதோடு போனது.

கட்டுமானக் கார்பனுக்கு எங்கள் சொந்த அடிக்கோடுதான், அதாவது ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தொடக்க எண்தான், வேண்டும். ஐரோப்பியத் தர விதியான ஈஎன் 15978 கட்டடத்தின் ஆயுளைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கிறது. ஏ1 முதல் ஏ3 வரை மூலப்பொருளும் தயாரிப்பும், ஏ4 சைட்டுக்குக் கொண்டுவருவது, ஏ5 கட்டுவது, பி பயன்பாடு, சி இடிப்பது. நாங்கள் ஏ5 வரை நிறுத்திக்கொண்டோம். அதிலும் அஸ்திவாரம், தூண், பீம், தளம் மட்டும். டைல்ஸ், ஜன்னல், ஏசி கிடையாது. பாதியை விட்டுவிட்டீர்களே என்று கேட்டால், ஆமாம். கம்பி, கான்கிரீட் அளவுகள்தான் எங்கள் கையில் நம்பும்படி இருந்தன.

பழைய கட்டடங்கள் ஐந்தின் அளவுப் பட்டியலை எடுத்து ஷீட்டில் ஏற்றினோம். நான்கு 300 கிலோவுக்கு மேல். ஆறு மாடிக் கட்டடம் ஒன்று மட்டும் 90. அன்று மாலை முழுக்க அதன் பெருமையைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். மறுநாள் காலை அளவுக் கணக்குக்காரர் என் மேஜைக்கு வந்து, “கான்கிரீட் எங்கே மேடம் போச்சு?” என்றார். கான்கிரீட்டுக்கான கார்பன் காரணி, அதாவது ஒரு கிலோ கான்கிரீட்டுக்கு எத்தனை கிலோ கார்பன் என்பது, 0.13 என்று போட்டிருந்தோம். அந்தக் கட்டடத்தின் அளவோ கன மீட்டரில் இருந்தது. ஒரு கன மீட்டர் கான்கிரீட் ஏறக்குறைய 2,400 கிலோ எடை. அதைப் பெருக்காமல் விட்டதில் ஆறு மாடிக் கான்கிரீட்டும் ஆவியாகி, கம்பி மட்டும் தனியாக நின்றிருந்தது. இப்போது ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அலகுக்கென்று ஒரு கட்டம் உண்டு. அது காலியாக இருந்தால் வரி முழுக்கச் சிவப்பாகிவிடும்.

திருத்திய பின் சராசரி 340. ஓராண்டில் 20 சதவீதம் குறைப்பது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டோம்.

முதல் மாதமே வெடித்தது. எங்களில் ஒருவரின் கட்டடம் ஒரே வாரத்தில் 345-லிருந்து 280-க்கு இறங்கியிருந்தது. வரைபடத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. நிலத்தடிப் பார்க்கிங்கின் பரப்பையும் வகுக்கும் எண்ணில் சேர்த்திருந்தார், அவ்வளவுதான். அவரைக் குறை சொல்லவும் வழியில்லை, ஏனென்றால் எந்தப் பரப்பு என்று நாங்கள் எங்கேயும் எழுதவில்லை. தோண்டிப் பார்த்தால் எட்டுப் பேரும் எட்டு விதமாக அளந்திருந்தோம். ஒருவர் வெளிச்சுவரின் வெளிமுகத்திலிருந்து, இன்னொருவர் உள்ளே கால் வைத்து நடக்கிற இடத்தை மட்டும், ஒருவர் பால்கனியைப் பாதியாக.

இதற்குத்தான் மூன்று மாதம். கடைசியில் மூத்த ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் சொன்னது நின்றது: “மனுஷங்க இருக்கத்தானே கட்டுறோம்? கார் நிக்கிறதுக்கு ஆகுற கான்கிரீட்டையும் அவங்க கணக்குலயே எழுதுங்க.” வகுத்தலில் பார்க்கிங்கின் கான்கிரீட் மேலே சேரும், அதன் பரப்பு கீழே, வகுக்கும் எண்ணில், சேராது. பழைய ஐந்தையும் இந்த விதிப்படி மறுபடி போட்டதில் அடிக்கோடு 375 ஆனது, இலக்கு 300. அடிக்கோடு ஏறியதும் ‘இலக்கைச் சுலபமாக்கிவிட்டீர்கள்’ என்று நிர்வாகத்தில் ஒரு முணுமுணுப்பு வந்தது. இனிமேல் பார்க்கிங் பரப்பைச் சேர்த்து எண்ணை இறக்க முடியாது என்று விளக்கினோம். பாதிதான் நம்பினார்கள் என்று நினைக்கிறேன்.

இப்போது அந்த மூன்றாவது இலக்கு. முதல் பட்டியல் செத்ததற்கு இன்னொரு காரணம், மாதக் கூட்டம். கூட்டத்தில் எண் வரும்போது வரைபடம் அனுமதிக்குப் போயிருக்கும். “இப்போ சொல்லி என்ன பிரயோஜனம்?” என்று யாராவது கேட்பார்கள், நியாயமாகத்தான் இருக்கும். அதனால் இப்படி எழுதினோம்: தூண்களின் இடைவெளி முடிவாகும் முன்பே முதல் கார்பன் எண் போட்டிருக்க வேண்டும், நூற்றுக்கு நூறு பணிகளில். கூட்டத்தையும் நிறுத்தினோம். வரைபடத் தாளின் மூலையில் டைட்டில் பிளாக் இருக்கிறதல்லவா, தேதிக்கும் ஸ்கேலுக்கும் கீழே கார்பனுக்கு ஒரு கட்டம் சேர்த்தோம். எண் இல்லாத தாள் அச்சுக்குப் போகாது. அச்செடுக்க வருகிறவர்கள் சலித்துக்கொண்டார்கள், ஆனாலும் எழுதினார்கள்.

நான்கு இலக்கத் துல்லியம் யாருக்கும் வேண்டாம். ‘330 அல்லது 360’ என்று கிறுக்கினாலும் போதும், பேச்சு தொடங்கிவிடும். ஓர் அலுவலகக் கட்டடத்தில் தூண்களை 9 மீட்டருக்கு ஒன்று என்று போட்டிருந்தோம். தளம் 28 சென்டிமீட்டர் கனம். மூலையில் இருந்த எண்ணைப் பார்த்துவிட்டு, இடைவெளியை 7.5 மீட்டராக்கினால் என்ன என்று இளைய இன்ஜினியர் கேட்டார். தளம் 23 சென்டிமீட்டருக்கு இறங்கியது. ஐந்து சென்டிமீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டர் தளத்துக்கு 0.05 கன மீட்டர் கான்கிரீட், 120 கிலோ எடை, கார்பனில் சுமார் 16 கிலோ. குறைந்த கம்பியைக் கூட்டி, அதிகமான தூண்களைக் கழித்த பிறகும் மொத்தம் 20 கிலோ மிச்சம். ஒரு பைசா கூடுதலாகச் செலவில்லை. எந்த ‘பசுமை’ப் பொருளும் வாங்கவில்லை. பார்க்கிங் அமைப்பை மறுபடி வரைய வேண்டியிருந்ததில் ஆர்க்கிடெக்ட் ஒருவருக்குத்தான் இரண்டு நாள் தூக்கம் போனது.

சிமென்டில் அப்படிச் சுலபமாக வரவில்லை. சிமென்டின் கார்பனில் பாதிக்கும் மேல் எரிபொருளால் வருவதில்லை. சூளையில் சுண்ணாம்புக்கல் உடையும்போது கல்லிலிருந்தே வெளிவருகிறது. எனவே சிமென்டைக் குறைத்து, இரும்பு ஆலையின் உலைக்கசடை அரைத்துச் சேர்க்கலாம் என்று போனோம். சைட் இன்ஜினியர் உடனே கையை உயர்த்தினார். கசடு கலந்தால் கான்கிரீட் மெதுவாகத்தான் பலம் பிடிக்கும். கான்கிரீட் இறுகும் வரை தாங்கும் சென்ட்ரிங்கைப் பிரிக்கத் தாமதமானால் மேல்தளமும் தாமதமாகும். அவர் சொன்னது சரி. அஸ்திவாரத்துக்கு அந்த அவசரம் இல்லை என்பதால், அதற்கு மட்டும் பாதி சிமென்டுக்குப் பதில் கசடு போட்டு, 28 நாள் பலத்துக்குப் பதில் 56 நாள் பலத்தைக் கேட்டு எழுதினோம். தளங்களில் கொஞ்சமாக மட்டும். இதில் எனக்கு இன்னும் ஓர் உறுத்தல் உண்டு. உலகில் கிடைக்கும் நல்ல கசடு பெரும்பாலும் ஏற்கெனவே எங்கோ பயன்பாட்டில்தான் இருக்கிறது. நாங்கள் எடுத்தால் வேறொருவருக்குக் குறையும். அந்தக் குறை எங்கள் ஷீட்டில் தெரியாது. தூணை நெருக்கி மிச்சம் பிடித்த 20 கிலோவைத்தான் மனசார என்னுடையது என்பேன்.

ஆண்டு முடிவில் 375 என்பது 326 ஆனது. 13 சதவீதம். 20-ஐத் தொடவில்லை. மூன்றாவது இலக்கும் நூறு ஆகவில்லை. ஒரு பணியில் எண் வந்தபோது அஸ்திவாரக் குழியே தோண்டியாகிவிட்டது. மின்சாரத்தில் காகிதத்தில் ஜெயித்தோம், மீட்டரில் தோற்றோம். முந்தைய ஆண்டு ஒப்படைத்த ஒரு கட்டடத்தின் பில் வந்தபோது, கணக்கிட்டதைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். ஆட்கள் இரவு பத்து மணி வரை வேலை செய்கிறார்கள். நாங்களோ ஆறு மணிக்கு விளக்கணைவதாகக் கணக்கில் வைத்திருந்தோம். இந்த ஆண்டு அந்த இலக்கை மாற்றியிருக்கிறோம்: குடியேறி 12 மாதத்து பில் கையில் வரும் வரை அந்த வரியில் பச்சை நிறம் கிடையாது.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு தாளைக் கொண்டுவந்தாள். வரவேற்புக் கூடம் தேவைக்கு மேல் பெரிதாக இருப்பதாக நினைத்துப் பாதியாக வெட்டியிருந்தாள். “கான்கிரீட் குறைஞ்சிருக்கு அக்கா, ஆனா மூலையில இருக்கிற நம்பர் மாறவே இல்ல.” மாறாதுதான். கட்டடம் சிறிதானால் மேலே உள்ளதும் குறையும், கீழே உள்ளதும் குறையும். டைட்டில் பிளாக்கில் மொத்த டன்னுக்கும் ஒரு கட்டம் வேண்டும் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். தாளில் இடம் இல்லை என்கிறார்கள்.