பங்கோர் ஒப்பந்தத்தை ஆய்வேடாக எழுதிய அனுபவம்

உத்தான் மெலிந்தாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் பட்டப்படிப்புப் படித்தேன். இறுதியாண்டு ஆய்வேட்டுக்கு நான் எடுத்த தலைப்பு, பேராக் அரசியலில் நீரிணைக் குடியேற்ற ஆளுநர்களின் தலையீடு. அன்றைக்கு பேராக் தனி நாடு. நீரிணைக் குடியேற்றம் எனப்பட்ட பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர்தான் பிரிட்டிஷார் கையில் இருந்தன. அதை மறந்தால் இந்த விஷயமே புரியாது.

பாடநூலில் கதை சுருக்கம்: பேராக்கின் லாரூட் பகுதி ஈயத்துக்காக கீ ஹின், ஹாய் சான் என்ற சீனக் கூட்டங்கள் மோதின, ஆளுநர் ஆண்ட்ரூ கிளார்க் பங்கோர் தீவில் சமாதானம் செய்துவைத்தார். எனக்கு அது போதவில்லை. 1874-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் வைத்த கடிதத் தொகுப்பைத் தேடிப்பிடித்தேன். பழைய ஆங்கிலம், நீளநீளமான வாக்கியங்கள். வேலை முடிந்த பிறகு, பழைய செக்ரோல் (ஆள் வருகைப் பதிவு) தாள்களின் பின்பக்கத்தில் இரண்டு பத்தி போட்டுத் தேதிகளை எழுதினேன். இடப்பக்கம் லண்டன் சொன்னது, வலப்பக்கம் ஆளுநர் செய்தது.

அப்படி எழுதியதும்தான் விஷயம் பிடிபட்டது. 1873 செப்டம்பர் 20-ல் லண்டனில் குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சர் கிம்பர்லி பிரபு எழுதியது, மலாய் நாடுகளின் நிலையை விசாரித்து அறிக்கை அனுப்பு, அங்கே ஓர் அதிகாரியை வைக்கலாமா என்றும் யோசித்துச் சொல் என்றுதான். கிளார்க் நவம்பரில் பதவியேற்றார். 1874 ஜனவரி 20-ல் பங்கோரில் ஒப்பந்தமே முடிந்துவிட்டது! அப்போது பேராக் சுல்தானாக இருந்த இஸ்மாயில் அங்கே வரவே இல்லை. அவர் இல்லாமலே, அரியணைக்கு உரிமை கோரிய ராஜா அப்துல்லாவை சுல்தானாக்கிவிட்டார்கள். 1871-லேயே சிங்கப்பூருக்குத் தந்தி வசதி வந்துவிட்டது. கிளார்க் லண்டனைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, முடித்துவிட்டுத்தான் தெரிவித்தார். பக்கத்து நாட்டில் யார் அரசர் என்பதை ஓர் ஆளுநர் இப்படி முடிவு செய்தது எனக்கு இன்றும் ஆறவில்லை.

அப்புறம் எழுதுவது சுலபமாகிவிட்டது, ஆய்வேட்டின் மலாய் நடையைத் திருத்தத்தான் நேரம் பிடித்தது.

வாய்மொழித் தேர்வில், "கிளார்க் செய்ததை லண்டன் ஏற்றுக்கொண்டதே, பிறகு அத்துமீறல் எப்படி?" என்று கேட்டார்கள். அடுத்த ஆளுநர் ஜெர்வாய்ஸை வைத்துப் பதில் சொன்னேன். அவரும் 1875-ல் லண்டனைக் கேட்காமல் பேராக்கை நேரடியாக ஆளப் போனார். நவம்பர் 2-ல் பாசிர் சாலாக்கில் ஒப்பந்தப்படி பேராக்குக்கு வந்த பிரிட்டிஷ் ஆலோசகர் (ரெசிடென்ட்) பிர்ச் கொல்லப்பட்டார், போர் மூண்டது, லண்டன் ஜெர்வாய்ஸைக் கண்டித்தது. இருவரும் செய்தது ஒன்றுதான். ஒருவருக்குக் காரியம் கைகூடியது, மற்றவருக்குக் கூடவில்லை. அந்தப் பதிலையும் ஆய்வேட்டில் சேர்த்துவிட்டு ஒப்படைக்கச் சொன்னார்கள், சேர்த்தேன், தேறினேன்.

எஸ்.டி.பி.எம். (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) வரலாறு எடுக்கும் தோட்டத்துப் பிள்ளைகள் யாராவது இதைத் தொட நினைத்தால், முதலில் அந்தத் தேதிப் பட்டியலைப் போடுங்கள். என்னுடையது வேண்டுமானாலும் தருகிறேன்.