அம்மாவின் மறதியும் பி12உம்

அம்மா சுத்த சைவம். சீனி வருத்தத்துக்கு வருடக்கணக்காக மெட்ஃபோமின் குளிசை வேறு. அடுப்பில் பருப்பு வைத்ததை மறப்பதும், வெள்ளவத்தைச் சந்தையில் மரக்கறிக்குக் காசு கொடுத்துவிட்டுப் பையை அங்கேயே விட்டு வருவதுமாக இருந்தார். "வயசு போனா அப்பிடித்தான்" என்றார் பெரியப்பா. எனக்கோ மறதியை விட, கால் விறைக்குது என்று அம்மா அடிக்கடி சொன்னதுதான் உறுத்தியது.

இரத்தப் பரிசோதனையில் பி12 நன்றாகக் குறைந்திருந்தது. நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறையைப் பேண இந்த விற்றமின் வேண்டும். பெரியவர்களுக்கு நாளுக்கு 2.4 மைக்ரோகிராம் போதும். ஆனால் இயற்கையாக அது மீன், இறைச்சி, முட்டை, பாலில்தான் கிடைக்கும். மெட்ஃபோமின் குடல் அதை உறிஞ்சுவதையும் குறைக்கும். அம்மா குடிப்பதோ பால் விடாத வெறும் பிளேன்ரீ!

ஊசி தொடங்கிய பிறகு விறைப்பு மெல்லக் குறைந்தது. சந்தைக் கணக்கும் பழையபடி கறார்.

இப்போது பெரியப்பா தனக்கும் 'ஞாபகசக்திக் குளிசை' கேட்கிறார். மூன்று நேரமும் மீன் சாப்பிடுகிற மனிதர்! குறைபாடு இல்லாதவருக்கு பி12 கூட்டிக் கொடுத்து மூளை கூர்மையாகாது. இன்னொரு பி விற்றமினான ஃபோலிக் அமிலத்தை மட்டும் தன்பாட்டில் விழுங்கினால் இன்னும் சிக்கல்: பி12 குறைந்தவருக்கு அது இரத்தச்சோகையை மறைக்கும், நரம்புச் சேதமோ தொடரும். முதலில் இரத்தம் எடுத்துப் பார்ப்போம் என்றேன். ஊசி என்றதும் பேச்சை மாற்றிவிட்டார்.