பொன்வண்டுச் சிறகு

சின்ன வயதில் எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோரிடமும் ஒரு தீப்பெட்டி இருக்கும். உள்ளே பொன்வண்டு. கொடுக்காப்புளி இலையைக் கிள்ளிப் போட்டு, முட்டை போட்டுவிட்டதா என்று நிமிஷத்துக்கு ஒருதரம் திறந்து பார்ப்போம். செத்துப்போனால் மற்றவர்கள் தூக்கி எறிந்துவிடுவார்கள். நான் அதன் மேல்சிறகை மட்டும் எடுத்து நோட்டுக்குள் வைத்துக்கொள்வேன். வெயிலில் காட்டித் திருப்பினால் பச்சை மெல்ல நீலமாகும், இன்னும் கொஞ்சம் சாய்த்தால் செம்பு நிறம் ஓடும்.

அந்தப் பச்சையை இத்தனை வருஷம் கழித்து ஒரு தேவியின் நகையில் பார்த்தேன்.

நான் தஞ்சாவூர்ப் படம் வரைகிறவள். திருவையாற்றில் எங்கள் வீட்டுத் திண்ணைதான் பட்டறை. அண்ணன் மகள் டெல்லியில் படிக்கிறாள். வடநாட்டுச் சிற்றோவியங்கள் எங்கே கண்ணில் பட்டாலும் போனில் அனுப்பிவிடுவாள். மாசி மாதம் ஒரு நாள், "அத்தை, இதுல பச்சையா மின்னுதே, என்ன கல்லுன்னு சொல்லுங்க பாப்போம்" என்று ஒன்றை அனுப்பினாள். பெரிதாக்கிப் பார்த்தேன். மரகதம் என்றேன், இல்லை என்றாள். கண்ணாடி என்றேன். அதுவும் இல்லை.

"வண்டோட சிறகு அத்தை. வெட்டி ஒட்டியிருக்காங்க."

அன்றைக்கு அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூட எனக்குத் தெரியவில்லை.

ஜம்மு பக்கம் ராவி ஆற்றங்கரையில் பசோலி என்று ஓர் ஊர். 1660-70 வாக்கில் அங்கே தேவியின் வடிவங்களை வரிசையாக வரைந்திருக்கிறார்கள். அவள் அனுப்பியது அதில் ஒன்று, இப்போது நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பத்ரகாளி நிற்கிறாள், தேவர்கள் அவளை வணங்குகிறார்கள். மொத்தப் படமே ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். அதற்குள் மாலை, கிரீடம், நகை எல்லாம் இருக்கிறது. அந்த நகையில்தான் மினுங்கும் வண்டுச் சிறகைப் பொடிப்பொடியாக நறுக்கி வைத்திருக்கிறார்கள். அதை வெட்டிய கத்தியையும் பிடித்த கையையும் நினைத்தால் எனக்கு விரல் நடுங்குகிறது. ஒரு கெம்புக் கல்லை இடுக்கியில் எடுத்துச் சரியான இடத்தில் உட்கார வைக்கவே மூச்சைப் பிடித்துக்கொள்கிறவள் நான்.

எங்கள் படத்தின் முறையே வேறு. பலகை, அதன்மேல் துணி, சுக்கான் பொடியைப் பசையோடு குழைத்து மேடு கட்டுவது, கல் பதிப்பது, தங்க ரேக்கு ஒட்டுவது என்று வேலை போகும். அந்தத் தங்கம் டியூப்லைட்டுக்கு ஏற்பட்டது இல்லை. இருட்டான பூஜை அறையில் விளக்கு ஏற்றினால்தான் அதற்கு உயிர் வரும். பெரும்பாலும் சாமி நேரே நம்மைப் பார்த்தபடி இருக்கும். கும்பிடுகிற ஆள் படத்துக்கு வெளியே நிற்கிற நாம்தான்.

அவர்கள் பல தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் கெட்டியாக்கி, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றி, அதன்மேல் அணில் வால் முடித் தூரிகையால் வரைந்தார்கள். (ராமர் முதுகில் தடவிக்கொடுத்த அணில், தேவி படத்துக்கும் கைகொடுத்திருக்கிறது.) அந்தப் படங்களைத் துணியில் மூட்டையாகச் சுற்றி வைத்திருப்பார்கள். வேண்டும்போது ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்ப்பார்கள். கையில் எடுத்தால் சாய்க்காமல் இருக்க முடியுமா? சாய்க்கிறபோது அந்தச் சிறகு மினுங்கும். எங்களுக்கு விளக்குச் சுடர் செய்கிற வேலையை அவர்களுக்கு மணிக்கட்டு செய்திருக்கிறது. போனில் பார்க்கிறவர்களுக்கு அந்த மினுக்கம் கிடைக்காது.

அப்புறம் நானே கேட்டு வாங்கிப் பார்க்க ஆரம்பித்தேன். அதில் மனதை விட்டுப் போகாதது பைரவி. வடக்கே ராகங்களை ஆணும் பெண்ணுமாக உருவம் கொடுத்து ராகமாலை என்று வரைவார்கள். ஆறு ராகம், ஒவ்வொன்றுக்கும் ராகினி என்று ஐந்து பெண் வடிவம், ஆக 36 என்பது ஒரு கணக்கு. அதில் பைரவி, சிவலிங்கத்தைப் பூஜை செய்கிற பெண். நம் கர்நாடக சங்கீதத்துப் பைரவி வேறு, அவர்களுடைய பைரவி வேறு. ஆனாலும் தஞ்சாவூர்ப் பங்காரு காமாட்சிக்குப் பூஜை செய்த சியாமா சாஸ்திரிகளின் பைரவி ஸ்வரஜதியைக் கேட்டு வளர்ந்த ஊர்க்காரிக்கு, அந்தப் பெயருக்குக் கீழே ஒரு பூஜையைப் பார்த்ததும் கண் நிறைந்துவிட்டது.

பைரவியைப் பல ஊர்களில் பல கைகள் வரைந்திருக்கின்றன. பெரும்பாலும் நீர்க்கரையில் ஒரு சின்னக் கோயில். உள்ளே லிங்கம், வெளியே நந்தி. அவள் உட்கார்ந்து பூ சார்த்துகிறாள், அல்லது தாளம் போட்டுப் பாடுகிறாள். முகம் ஒரு பக்கம்தான் தெரியும். நம்மைப் பார்ப்பதில்லை. சொல்லிவைக்கக் குருக்கள் இல்லை, வரிசை இல்லை, திரை இல்லை. அவளுக்குத் தெரிந்த அளவில் அவளே செய்கிறாள். பக்கத்தில் நின்று சத்தம் போடாமல் பார்க்கிற பாக்கியம் நமக்கு.

இதை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று இரண்டு நாள் யோசித்தேன். வேறெங்கே, ஆடிப்பெருக்கில்தான். காவிரியில் தண்ணீர் இரண்டு கரையும் தொட்டு ஓடுகிற வருஷமானால், ஆடி 18 அன்று புஷ்ய மண்டபப் படித்துறையில் கால் வைக்க இடமிருக்காது. அந்த நெரிசலிலும் அம்மா ஒரு படியைக் கழுவி, மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைப்பாள். காதோலை கருகமணி, வெற்றிலை பாக்கு, பூ, காப்பரிசி. மந்திரம் கிடையாது. "தாயே, எல்லாரையும் நல்லா வச்சிரு" அவ்வளவுதான். சூடத்தைக் காட்டிவிட்டுத் தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் அவள் காதில் விழாது.

இத்தனை வருஷத்தில் கேட்கிறவர்களுக்காக எத்தனையோ வெண்ணெய்க் கிருஷ்ணன் வரைந்துவிட்டேன். கும்பிடுகிற ஒரு மனுஷியை ஒருநாளும் வரைந்ததில்லை. அதுவும் அம்மாவை.

தங்கமும் பலகையும் இல்லாமல் ஒரு சாண் காகிதத்தில் ஆரம்பித்தேன். காலை வெயில் முகத்தில் விழட்டும் என்று, தெற்கே ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் அம்மாவை இடப்பக்கமிருந்து வரைந்தேன். பக்கவாட்டு முகம் எனக்குப் பழக்கமே இல்லை. நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்குகிற அந்த ஒரு கோட்டை எட்டு முறை அழித்தேன். ஒருவழியாக அமைந்ததும் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"படித்துறை நல்லா இருக்கு. மூக்குத்தி எங்கடி?"

வலது மூக்கில் ஒற்றைப் பச்சைக் கல். கல்யாணத்துக்குப் பாட்டி போட்டது, ஒருநாளும் கழற்றியதில்லை. நான் வரைந்த பக்கத்தில் அது தெரியாது.

சரி, மறுபடி முதலிலிருந்து. இந்தத் தடவை வலப்பக்கம். வெயில் அம்மாவுக்கு மறுபக்கத்திலிருந்து வரும், முகம் கொஞ்சம் நிழலில் இருக்கும், பரவாயில்லை. மூக்குத்திக்குக் கடுகளவு இடம் விட்டு வைத்திருக்கிறேன். கெம்பு டப்பாவில் பச்சைக் கல் இருக்கிறது, ஆனால் அதை வைக்க மனம் வரவில்லை. எங்கள் தெருவில் பொன்வண்டைப் பார்த்து வருஷக்கணக்காகிறது. மழைக்குப் பிறகு கொல்லைப்புறக் கொடுக்காப்புளி மரத்தடியில் தானாக உதிர்ந்த சிறகு கிடக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும்.