நேர்ஸ்பரோவில் சித்தப்பாவோடு ஒரு பைண்ட்

சித்தப்பா ஊரிலிருந்து வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. யார்க் பேராலயத்தைப் பார்த்தாயிற்று, லீட்ஸ் கடைத்தெருவை இரண்டு முறை சுற்றியாயிற்று, அடுத்து எங்கே கூட்டிப் போவது என்று யோசித்தபோதுதான் வட இங்கிலாந்து ஊரான நேர்ஸ்பரோ நினைவுக்கு வந்தது. லீட்ஸில் ஏறினால் ஹாரோகேட் வழியாக முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். ரயில் ஊருக்குள் நுழைகிற இடமே அழகு. நிட் ஆற்றுக்கு மேலே உயரமான கல் பாலம், கீழே துடுப்புப் படகுகள், மேட்டில் படிப்படியாக ஏறிப்போகும் வீடுகள். 1848இல் கட்டி முடிகிற நேரத்தில் இடிந்து ஆற்றில் விழுந்து, மறுபடி எழுப்பி 1851இல் முடித்த பாலம் அது. சித்தப்பா ஜன்னலோரம் எழுந்து நின்றேவிட்டார்.

ஊர் சின்னது, ஆனால் சுற்றுலாக்காரர்களைப் பல நூற்றாண்டாகப் பார்த்துப் பழகியது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மதர் ஷிப்டன் என்ற பழங்காலக் குறிசொல்லியின் குகைக்குப் பக்கத்தில் ஒரு ஊற்று இருக்கிறது, அதன் தண்ணீரில் தாது உப்பு அவ்வளவு கலந்திருப்பதால் அதில் தொங்கவிட்ட பொருள் எல்லாம் சில மாதங்களில் கல்லாகிவிடும். 1630இலிருந்து காசு வாங்கிக்கொண்டு அதைக் காட்டுகிறார்கள். வரிசையாகக் கரடி பொம்மைகள் தொங்கிக்கொண்டு கல்லாகிக்கொண்டிருந்தன. பார்த்தோம், அப்புறம் கோட்டை இடிபாட்டையும் ஒரு சுற்று சுற்றிவிட்டுச் சந்தைத் திடலுக்கு வந்தோம். புதன்கிழமை, சந்தை நாள். கால் வலிக்கிறது என்று சித்தப்பா ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். பெஞ்சில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். வெண்கலச் சிலை.

ஜான் மெட்காஃப். பிளைண்ட் ஜாக் என்றால்தான் இங்கே தெரியும். 1717இல் இதே ஊரில் பிறந்தவர், ஆறு வயதில் அம்மை போட்டு இரண்டு கண்ணும் போனது. பிடில் வாசித்துப் பிழைத்தார், குதிரை ஏறினார், லண்டனிலிருந்து வண்டியில் வந்த ஒரு ராணுவ அதிகாரிக்கு முன்னால் நடந்தே ஊர் வந்து சேர்ந்தார் என்று சொல்வார்கள். ஐம்பது வயதை நெருங்கும்போது சாலை போடும் ஒப்பந்தம் எடுத்து, வட இங்கிலாந்தில் ஏறத்தாழ 180 மைல் சாலை போட்டார். சதுப்பு நிலத்தில் கல்லைக் கொட்டினால் இறங்கிக்கொண்டே போகும் என்பதால், புதர்ச்செடிகளைக் கட்டுக்கட்டாகக் கட்டிப் பரப்பி, அதன் மேல் சாலையை மிதக்கவிட்டவர். இதை நான் சொல்லி முடித்தபோது சித்தப்பா சிலையின் தோளில் ஒரு நிமிடம் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எதிரே பார்த்தார். பிளைண்ட் ஜாக்ஸ் என்று பெயர்ப் பலகை.

“இவரு பேர்லயே கடை இருக்கே டே. என்ன கடை?”

“பப்பு சித்தப்பா.”

“சரி, உள்ள போயிப் பாப்போம்.”

எனக்கு நாற்பத்து மூன்று வயது. இன்றுவரை சித்தப்பா முன்னால் ஒரு பீரைத் தொட்டதில்லை. அவர் குடிக்கிறவர் இல்லை, எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. வாசலில் தயங்கினேன். “என்னல யோசிக்க?” என்று கேட்டுவிட்டு அவரே கதவைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய்விட்டார்.

உள்ளே சின்ன இடம். பலகைத் தரை, பழைய செங்கல் சுவர், நடுவில் கவுண்டர். கவுண்டர் மேல் நீளக் கைப்பிடிகள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றின் முகத்திலும் அந்தந்த பீரின் பெயர் அட்டை. சித்தப்பா கண் முதலில் போனது அங்கேதான். “அடிபம்பா?” என்றார். ஆமாம், நம் தெருவில் இருந்த அதே அடிபம்புதான். அந்தக் கைப்பிடியை இழுத்தால் உள்ளே பிஸ்டன் ஏறும், கீழே நிலவறையில் கிடக்கும் பீப்பாயிலிருந்து பீர் மேலே வரும், அவ்வளவுதான் தொழில்நுட்பம். வாயு அழுத்தம் கிடையாது. ஜோசஃப் பிராமா 1797இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார், இன்றுவரை பெரிதாக மாறவில்லை.

ரியல் ஏல் என்று இவர்கள் சொல்வது இதைத்தான். கடைகளில் டின்னிலும் வழக்கமான குழாயிலும் வரும் பீர் பெரும்பாலும் ஆலையிலேயே முடிந்துபோன பீர். வடிகட்டி, பல நேரம் சூடுகாட்டி, ஈஸ்ட்டை நீக்கி, வாயுவை ஏற்றி அனுப்புவார்கள். எத்தனை வாரம் கிடந்தாலும் ஒரே சுவை. ரியல் ஏல் அப்படி இல்லை, அது ஆலையை விட்டுக் கிளம்பும்போது பாதி வழியில்தான் இருக்கிறது. ஈஸ்ட் உயிரோடு பீப்பாய்க்குள் இருக்கும். பப்பின் நிலவறையில் பீப்பாயைப் படுக்க வைத்து, 11 முதல் 13 டிகிரி குளிரில் ஓரிரு நாள் ஆடாமல் அசையாமல் விட்டால், உள்ளே இரண்டாம் முறை நொதித்து, மண்டி கீழே படிந்து, அப்போதுதான் குடிக்கிற பதத்துக்கு வரும். பீரைச் செய்து முடிப்பது ஆலைக்காரர் இல்லை, பப்புக்காரர்.

இந்தக் கடைசி வரியை நான் அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒரு கடற்கரை ஊரில், கூட்டமே இல்லாத ஒரு பப்பில் முதல் முறையாகக் கைப்பம்பு பீர் வாங்கினேன். காடி நாற்றம், கலங்கல், சுவை புளிப்பு. ரியல் ஏல் என்றால் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்து முழுசாகக் குடித்து முடித்தேன். அதற்குப் பிறகு நான்கு வருடம் அந்தப் பக்கமே போகவில்லை. அந்த பீர் கெட்டுப்போனது என்று எனக்குச் சொல்ல ஆள் இல்லை. பீப்பாயைத் திறந்த பிறகு, பீர் இறங்க இறங்க அந்த இடத்தில் காற்று நுழையும், மூன்று நாளைக்குள் விற்றுத் தீர்த்துவிட வேண்டும். அந்த ஊரில் அது எத்தனை நாள் கிடந்ததோ. நீங்கள் போகும் இடத்தில் புளித்த பீர் வந்தால் பேசாமல் குடிக்காதீர்கள். கவுண்டரில் கொண்டுபோய், இது சரியில்லை என்று மரியாதையாகச் சொன்னால் நல்ல பப்பில் முகம் சுளிக்காமல் வேறு தருவார்கள்.

கவுண்டரில் இருந்த அம்மா எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். இங்கே வரிசை நிற்கிற வழக்கம் இல்லை, யாருக்குப் பின் யார் என்று அவர்களுக்கே தெரியும். காசைக் கையோடு கொடுத்துவிட வேண்டும். எது வாங்குவது என்று தெரியாவிட்டால் ஒரு வாய் ருசி பார்க்கக் கேட்கலாம், சின்னக் கிளாசில் கொடுப்பார்கள். நான் ரூஸ்டர்ஸ் யாங்கி கேட்டேன். ரூஸ்டர்ஸ் 1993இல் பக்கத்து ஊரான ஹாரோகேட்டில் ஷான் ஃபிராங்க்ளின் தொடங்கிய ஆலை, நடுவில் பல வருடம் இதே நேர்ஸ்பரோவில் இருந்தது. பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவில் கேஸ்கேட் என்ற அமெரிக்க வகையைப் போட்டு எலுமிச்சை மணக்கும் வெளிர் நிற ஏல் பீரை இந்த நாட்டில் முதலில் செய்தவர்களில் அவரும் ஒருவர். யாங்கியில் ஆல்கஹால் 4.3 சதவீதம். கறுப்பும் கசப்பும் வேண்டாம் என்கிறவர்களுக்கு நான் முதலில் வாங்கிக் கொடுப்பது அதுதான்.

கவுண்டர் அம்மா கைப்பிடியைத் தன் பக்கம் இழுத்தார். அவசரமில்லாத நீண்ட இழுப்பு, முழங்கை இடுப்பருகே வந்து நிற்கும் வரை. வாத்துக் கழுத்து மாதிரி வளைந்த குழாய் கிளாசின் அடி வரைக்கும் இறங்கியிருந்தது. அதன் நுனியில் பொடித் துளைகள் போட்ட ஒரு சின்ன மூடி. பீர் அந்தத் துளைகளில் பீய்ச்சி அடித்து இறங்கும்போது கிளாஸ் முழுக்கப் பால் மாதிரி வெள்ளையாகச் சுழன்றது. இரண்டாவது இழுப்பு, அப்புறம் ஒரு பாதி இழுப்பு. கவுண்டரில் வைத்ததும் அந்த வெள்ளை கீழிருந்து மேலாக மெல்ல விலகிப் பொன்னிறம் தெளிந்து, மேலே விரல் கனத்துக்கு ஆடைபோல் நுரை நின்றது. டீ மாஸ்டர் உயரத் தூக்கி ஆற்றி வைத்த டீயில் நிற்குமே, அந்த நுரை. இந்த மூடி வடக்கு இங்கிலாந்தின் பழக்கம். தெற்கே போனால் இதைக் கழற்றிவிட்டு அதிக நுரையில்லாமல் ஊற்றுவார்கள், இரண்டு தரப்பும் விட்டுக்கொடுக்காது. நான் வடக்குப் பக்கம்தான்.

சித்தப்பாவுக்கு எலுமிச்சைச் சாறு வாங்கப் போனேன். “எனக்கும் அதையே கொஞ்சமா வாங்கு” என்றார். அரை பைண்ட், அதாவது கால் லிட்டருக்குக் கொஞ்சம் கூட, வாங்கிக் கொடுத்தேன். அவர் உடனே குடிக்கவில்லை. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கண்ணை மூடி மோந்து பார்த்தார். பிறகு காதுக்குப் பக்கத்தில் பிடித்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஒரு வாய் குடித்தார்.

“ஐஸ்ல வைக்கல. பானைத் தண்ணி சில்லு.”

வெளிநாட்டுக்காரர்கள் இங்கிலாந்து பீர் சூடாக இருக்கும் என்று கேலி செய்வார்கள். பானைத் தண்ணீர் சில்லு என்பதைவிடச் சரியாக அதைச் சொல்ல எனக்குத் தெரியாது. அந்தக் குளிரில்தான் மணம் மேலே வரும், ஐஸில் வைத்தால் நாக்கு மரத்துப்போய் ஒன்றும் தெரியாது.

பீப்பாய்க்குள் இன்னும் நொதித்துக்கொண்டிருக்கிறது என்று நான் விளக்க ஆரம்பித்ததும், கையைக் காட்டி நிறுத்தினார். “சுண்ணாம்பு தடவாத கலயம். அதான?”

தாத்தா உடன்குடிப் பக்கம் பனையேறி. பதனி இறக்கியவர். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவித்தான் பாளையில் கட்டுவார்கள், சுண்ணாம்பு இருந்தால் சொட்டுகிற சாறு நொதிக்காமல் பதனியாக நிற்கும், இல்லாவிட்டால் மரத்திலேயே கள்ளாகிவிடும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தாத்தா ஒரே ஒரு கலயத்தை மட்டும் சுண்ணாம்பு தடவாமல் விடுவார் என்பது எனக்குத் தெரியாது. காலையில் இறக்கும்போது அதைத் தனியாக எடுத்து, மர மூட்டில் குந்தி உட்கார்ந்து, காதில் வைத்துக் கேட்பாராம். பொடுபொடுவென்று சத்தம் வந்தால் குடிப்பார். மதியம் தாண்டிவிட்டால் தொடமாட்டார், கீழே ஊற்றிவிடுவார். ஏழெட்டு வயதுப் பையனாகப் பக்கத்தில் நின்று சித்தப்பா அதைப் பார்த்திருக்கிறார். தாத்தா இறந்து முப்பது வருடத்தில் அவரைப் பற்றிச் சித்தப்பா என்னிடம் இவ்வளவு நேரம் பேசியதில்லை. நான் கிளாசைத் தூக்கவே மறந்துபோனேன்.

பக்கத்து மேசையைத் துடைக்க வந்த அந்த அம்மாவிடம், இவர் அப்பாவும் இப்படி நொதிக்கிற சரக்கைப் பார்த்துக்கொண்டவர் என்று சொன்னேன். உள்ளே போய் ஒரு சின்ன மர ஆப்பைக் கொண்டுவந்து சித்தப்பா உள்ளங்கையில் வைத்தார். சுண்டுவிரல் நீளம்கூட இல்லை, ஒரு பக்கம் கூர், நுனியில் பழுப்பாக நுரை காய்ந்திருந்தது. பீப்பாய் முதுகில் துளை போட்டு இந்த மென்மரத்து ஆப்பை அடிப்பார்கள், உள்ளே இருக்கும் வாயு மரத்தின் நரம்பு வழியாகக் கசியும், ஆப்பின் தலையில் குமிழ் வரும். குமிழ் வருவது எப்போது அடங்குகிறது என்று பார்த்து, இதை எடுத்துவிட்டு வாயு புகாத கடினமான ஆப்பை அடிக்க வேண்டும். முன்னால் அடித்தால் பீர் பொங்கும், பிந்தினால் சவசவத்துப் போகும். கடிகாரம் பார்த்துச் செய்கிற வேலை இல்லை என்றார். நான் தமிழில் சொல்லச் சொல்ல, சித்தப்பா ஆப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். எனக்கு முன்னமே அவருக்குப் புரிந்திருந்தது.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். மண்டி சீக்கிரம் படிவதற்காகப் பல ஆலைகள் மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த ஒரு பசையைப் பீப்பாயில் சேர்க்கும். சேர்க்காத பீர்களும் இப்போது கிடைக்கின்றன, கொஞ்சம் கலங்கலாக இருக்கும். கேட்டால் சொல்வார்கள்.

இந்த பீர் ஒரு காலத்தில் ஒழிந்துபோகிற நிலைக்கு வந்தது. 1960களில் பெரிய ஆலைகள் சின்ன ஆலைகளை வாங்கி மூடிவிட்டு, பார்த்துக்கொள்ளத் தேவையில்லாத வாயு பீரை எல்லா ஊருக்கும் அனுப்பின. 1971இல் நான்கு இளைஞர்கள் விடுமுறைக்கு அயர்லாந்து போன இடத்தில், இதற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆரம்பித்ததுதான் காம்ரா என்ற இயக்கம். நல்ல பப்புகளின் கையேட்டை 1974இலிருந்து வருடாவருடம் போடுகிறார்கள். வாடிக்கையாளர்கள் சேர்ந்து ஒரு பண்டத்தைக் காப்பாற்றியதற்கு இவ்வளவு நல்ல உதாரணம் நான் வேறு பார்த்ததில்லை. ஆனால் இயக்கம் மட்டும் போதாது. ஒரு ஃபெர்கின் பீப்பாயில் 72 பைண்ட், மூன்று நாள். அந்தக் கணக்குக்கு ஆள் வர வேண்டும். வராத ஊரில் பப்புக்காரர் என்னதான் கவனமாக இருந்தாலும் பீர் புளிக்கும், புளித்தால் வருகிற ஆளும் நின்றுபோகும். அதனால்தான் நேர்ஸ்பரோ மாதிரி ஊருக்குப் போகிறவர்கள் குகையையும் கோட்டையையும் பார்த்துவிட்டு, லீட்ஸிலும் கிடைக்கிற அதே குளிர்ந்த பாட்டிலை வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பும்போது எனக்கு மனது கேட்பதில்லை. ஒரு அரை பைண்ட் போதும், அந்த ஊரில் ஒருவர் பார்த்துப் பார்த்து முடித்த பீராக அது இருக்கட்டும்.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. கிளாசைக் கவுண்டரில் கொண்டுவந்து வைத்தோம். அந்த நேரம் ஒரு கிழவருக்கு யாங்கி ஊற்றிக்கொண்டிருந்தார் அந்த அம்மா. மூன்றாவது இழுப்பில் குழாய் இருமி, காற்றும் நுரையுமாகத் துப்பியது. அதைக் கொட்டிவிட்டு, கைப்பிடியில் இருந்த பெயர் அட்டையைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்தார்.

“என்னவாம்?” என்றார் சித்தப்பா.

“பீப்பாய் தீந்துட்டு சித்தப்பா.”

“புளிக்க முன்னாடியே தீந்துட்டு, என்ன?” என்று சொல்லிவிட்டு, கையிலேயே வைத்திருந்த மர ஆப்பை அந்த அம்மாவிடம் நீட்டினார். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. விரல்களை மடக்கி அதை அவர் கைக்குள்ளேயே மூடிவிட்டார்.